வான் வண்டியின் தரை: கறளுக்கு மேல் எதை, எந்த ஒழுங்கில் போடுவது?

நெடும்பயணி (ஸ்காபரோ) கேட்டது:

வணக்கம். பொதி விநியோகத்துக்கு ஓடிய 2017ஆம் ஆண்டு ஃபோர்ட் ட்ரான்சிட் வான் ஒன்றைப் பங்குனியில் வாங்கினேன். நடுத்தர உயரக் கூரை உடையது. இருவர் படுக்கவும் சமைக்கவும் ஏற்றவாறு நானே அதை மாற்றி வருகிறேன். சென்ற வாரம் தரையில் கிடந்த றப்பர் விரிப்பைக் கழற்றியபோது, பக்கக் கதவின் படிக்கு அருகே ஒரு முழ நீளத்துக்குக் கறள் பிடித்திருந்தது. விரிப்பின் அடிப்பக்கம் ஈரமாக இருந்ததோடு, வீதிக்குத் தூவும் உப்பும் அதில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

மரச்சட்டங்களை அடித்து அவற்றுக்கு இடையில் ஓரங்குல நுரைப்பலகையை வைத்து, மேலே பிளைவுட், அதற்கும் மேல் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்கு வாங்கி மிஞ்சிய, ஒன்றோடொன்று கொளுவும் வினைல் பலகைகள் என்று திட்டமிட்டிருந்தேன். தகரத்துக்கு மேல் பொலித்தீன் விரிக்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. என் உயரம் 5 அடி 10 அங்குலம். உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே என் பெரிய ஆசை.

மரவேலைக்காரன் (மொன்றியல்) எழுதியது:

தம்பி, நுரைப்பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் எதை மூடினாலும் கறளுக்குப் போர்வை போர்த்தியதாகவே முடியும். கதவுகளைச் சாத்திவிட்டு ஒருவர் ரோச் லைட்டுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியே நின்று கூரையின் விளிம்பு, கதவு றப்பர், பின்கதவின் விளக்குகள் என்று ஒவ்வோர் இடமாகக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். ஓரிடத்தில் ஐந்து நிமிடமாவது பொறுத்து நில்லுங்கள். தண்ணீர் உடனே தலைகாட்டாது.

அடுத்து, உப்பை நல்ல தண்ணீரால் கழுவித் தரையை முழுதாகக் காயவிடுங்கள். பின்னர் கம்பித் தூரிகையால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இறங்காவிட்டால் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சும் அதற்கு மேல் இரண்டு கை பெயின்டும் போதும்.

மரச்சட்டங்கள் வேண்டாம் என்பதே என் கருத்து. எக்ஸ்.பி.எஸ் எனப்படும் கெட்டியான பொலிஸ்ரைரீன் நுரைப்பலகையின் வெப்பத்தடை ஓரங்குலத்துக்கு ஆர் 5 (எண் கூடக் கூடக் குளிர் குறைவாகவே கடத்தப்படும்). மரத்தினதோ ஏறத்தாழ ஆர் 1 தான். ஆகவே சட்டம் ஓடும் இடமெல்லாம் குளிர் மேலேறும். அடியில் நீர் கோத்தால் முதலில் உளுத்துப்போவதும் அந்தச் சட்டமே. நுரைப்பலகை நசிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் தாங்கும் வகையை வாங்கினால் அது சதுர அடிக்கு 3,600 இறாத்தல் ஆகிறது. உங்கள் அலுமாரியும் தண்ணீர்த் தாங்கியும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஒட்டுவதற்கு நுரைக்கு ஏற்றது என்று எழுதப்பட்ட பசையையே வாங்குங்கள். கரைப்பான் கலந்த பசை நுரையைத் தின்று குழியாக்கிவிடும்.

இனி உங்கள் உயரம். நடுத்தரக் கூரையின் உள் உயரம் 72 அங்குலம், அதாவது ஏறத்தாழ 183 சென்ரிமீற்றர், நீங்கள் 178. ஓரங்குல நுரை, 12 மில்லிமீற்றர் பிளைவுட், வினைல் ஆகியவை சேர்ந்தால் 4 சென்ரிமீற்றர் போய்விடும். மீதி ஒரு சென்ரிமீற்றரையும் கூரைக்குப் போடும் பலகை விழுங்கிவிடும். எனவே தரையின் நெளிவுப் பள்ளங்களை நுரைக் கீற்றுகளால் நிரப்பி, மேலே அரை அங்குல நுரையை மட்டும் விரியுங்கள். கால் சில்லிடுவதற்குத் தடித்த காலுறை போட்டுக்கொள்ளலாம். கூனிக்கொண்டு சமைப்பதற்கு மருந்து கிடையாது.

எட்மன்ரன் அக்கா எழுதியது:

மிஞ்சிய வினைல் பலகைகளை வீணாக்காமல் பயன்படுத்த நினைப்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது, ஏனென்றால் நானும் அதையே செய்தேன். வீட்டின் நிலக்கீழ் அறையில் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. வானோ தை மாதத்தில் மைனஸ் 25 பாகையிலும், ஆடி மாதத்தில் வெயிலில் பூட்டிக் கிடக்கும்போது 50 பாகைக்கு மேலும் இருக்கும். வினைல் மீற்றருக்குப் பத்துப் பாகைக்கு அரை மில்லிமீற்றருக்குக் குறையாமல் நீளும். மூன்று மீற்றர் தரையில், 50 பாகை வித்தியாசத்துக்கு, ஏழரை மில்லிமீற்றராவது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த நீட்சிக்கு ஓரங்களில் இடம் விட்டிருந்தேன். ஆனால் அலுமாரிகளைப் பலகைகளுக்கு மேலேயே வைத்துத் திருகியதால் ஒரு பக்கம் அசைய முடியாமல் இறுகிவிட்டது. ஆவணிக்குள் நடுவழியில் இரண்டு பலகைகள் கூரை முகடுபோல் எழுந்து நின்றன. அவற்றைத் தூக்கியபோது, கொளுவுகளின் ஊடாக இறங்கிய பாத்திரம் கழுவிய தண்ணீர் பிளைவுட்டில் கறுப்புக் கோடுகளாக ஊறியிருந்தது.

இப்போது மூட்டில்லாத ஒற்றை வினைல் விரிப்பைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறேன். முதலில் அலுமாரிகளை பிளைவுட்டோடு பொருத்திவிட்டு, நடக்கும் இடத்துக்கு மட்டும் விரிப்பை வெட்டுவது நல்லது. விரிப்பை வெட்டுமுன் காட்போட் மட்டைகளை ஒட்டி முழுத் தரைக்கும் ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள்; சில்லு மேடுகளைச் சுற்றி அளவுநாடா உதவாது.

மேற்குக்கரை (வன்கூவர்) எழுதியது:

பொலித்தீன் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. நான் தகரத்துக்கு மேல் அதை விரித்து மூன்று மாரிகாலம் கடந்துவிட்டது. இதுவரை குறையொன்றும் இல்லை.

மரவேலைக்காரன்:

நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்.பி.எஸ் பலகையே ஈரக்காற்றைப் பெருமளவு மறிக்கும். மூட்டுகளுக்கு மேல் ஒட்டுநாடா ஒட்டினால் போதும். மேலிருந்து சிந்தும் தண்ணீர் பொலித்தீனில் ஒருமுறை தேங்கினால் அது வெளியேற வழியே இல்லை.

நெடும்பயணி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மச்சானை உள்ளே இருத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினேன். பக்கக் கதவின் மேல் மூலையில் றப்பர் கிழிந்திருக்கிறது. அங்கிருந்து ஒழுகிய நீர் தூணின் உட்புறமாக இறங்கிப் படியருகே தேங்கியிருக்கிறது. திருப்புளி உள்ளே இறங்கவில்லை என்பது பெரிய ஆறுதல். அண்ணா, பிளைவுட்டைத் தகரத்தோடு எப்படிப் பிணைப்பது? நேரே திருகலாமா?

மரவேலைக்காரன்:

கண்டபடி துளைக்காதீர்கள், அடியில் எரிபொருள் தாங்கி, பிறேக் குழாய்கள், மின்கம்பிகள் எல்லாம் ஓடுகின்றன, துளைத்த ஒவ்வோர் இடமும் புதிதாகக் கறள் பிடிக்கும். பொதிகளைக் கட்டுவதற்காகத் தரையில் வளையங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் ஆணியொன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே புரியுடைய, போடும் தடிப்புக்கு ஏற்ப நீண்ட ஆணிகளை வாங்கி, அந்தத் துளைகளாலேயே பிளைவுட்டை இறுக்குங்கள். பிளைவுட் துண்டுகளின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு கை வார்னிஷ் பூச மறக்க வேண்டாம். தண்ணீர் குடிப்பது விளிம்புதான். ஆனால் புதிய கதவு றப்பர் வந்து, ஒரு நல்ல மழையில் தரை காய்ந்தே இருப்பதைப் பார்த்த பிறகு பசையைத் திறவுங்கள்.