டென்ட்ல தங்குன ராத்திரி என்ன வந்துச்சு? எந்த கேம்ப், எந்த மாசம்: அனுபவம் உள்ளவங்க எழுதுங்க

ஆழியாத்தங்கரை, பொள்ளாச்சி

சேத்துமடைப் பக்கம் காட்டோரத் தோப்பு ஒண்ணுல வரிசையா போட்டிருந்த டென்ட். ஜூன் மாசம், நடுராத்திரி தாண்டி தனியா ஒரு கொம்பன் யானை வந்துச்சு. கடைசி டென்ட்டோட ஜிப்புக்கு நேரா வந்து நின்னு, தும்பிக்கை நுனியை ஜிப் மேலயே மேலிருந்து கீழ வரைக்கும் நிதானமா ஓட்டிப் பார்த்துச்சு. அது மூச்சு விட விட கான்வாஸ் உள்ளே அமுங்கி வெளியே உப்புச்சு. டார்ச் அடிக்காம, குரல் கொடுக்காம எல்லாரும் கிடந்ததால அது தானா விலகிப் போச்சு. விடிஞ்சு பார்த்தா ஜிப் நெடுக ஈரச் சேறு, கோடு போட்ட மாதிரி.

உள்ளே பலாச்சுளை இருந்துச்சு, பாலிதீன் பையில கட்டி வெச்சது. வேற காரணம் தேட வேண்டாம். மே, ஜூன்ல ஆனைமலை அடிவாரத் தோப்புக்கெல்லாம் யானை இறங்கறதே பலாவுக்குத்தான். அந்த டென்ட்டுகளை அடிச்சிருந்ததும் காய்ச்ச பலாமரத்துக்குக் கீழயேதான். சர்க்கார்பதியில இருந்து வர்ற காண்டூர் கால்வாய் ஓரம் நிறைய இடத்துல காடு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம், நடுவுல டென்ட். தண்ணிக்கு வர்ற தடத்துல படுக்கை போட்டா யானை மேல குத்தம் சொல்ல முடியாது. புக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. தோப்புல என்னென்ன மரம் இருக்கு? யானை தண்ணிக்கு எந்தப் பக்கமா போகுது? பதில் சொல்லத் தெரியலைன்னா அந்த இடம் வேண்டாம்.

மாயாறு, கோயமுத்தூர்

பலாப்பழ சீசன் பயப்படறதுக்கான சீசன். யானையைக் கண் நிறையப் பார்க்கற சீசன் மார்ச் பாதியில இருந்து மே கடைசி வரைக்கும், இடம் கர்நாடகாவுல இருக்கற கபினி அணை. அணைத்தண்ணி கீழ இறங்க இறங்க, முழுகிக் கிடந்த வண்டல்ல பச்சைப் புல்லு முளைக்கும். அதே நேரம் நாகரஹொளே, பந்திப்பூர் ரெண்டு பக்கமும் உள்காட்டுக் குட்டை வத்திடும். புல்லும் தண்ணியும் ஒரே இடத்துல கிடைக்கறதால மந்தை மந்தையா வெளிய வரும். போட்ல இருந்து பார்த்த ஒரு காட்சி: கரையில தாய் யானை முன்னங்காலால புல்லை உதைச்சுப் பிடுங்கி, வேர் மண்ணைக் கால்லயே தட்டி உதறி, அப்புறம் வாயில வெச்சுது. பக்கத்துல குட்டியும் அதே மாதிரி உதைச்சு உதைச்சுப் பார்த்து, புல்லு வராம, கடைசியில தாய் வாய்க்குள்ளயே தும்பிக்கையை விட்டு எடுத்துக்கிச்சு. இதை இவ்வளவு கிட்டத்துல பார்க்க ஏப்ரலை விட்டா வேற மாசம் கிடையாது.

டென்ட் எடுக்கறவங்க வெயிலைக் கணக்குல வெச்சுக்கணும். ஏப்ரல் மத்தியானம் கான்வாஸுக்குள்ள உட்கார முடியாது. டென்ட்டுக்கு மேல தனியாக் கூரை இருக்கா, ரெண்டுக்கும் நடுவுல காத்து போக ஒரு முழமாவது இடைவெளி இருக்கான்னு போட்டோ கேட்டுப் பாருங்க. கூரை இல்லாத டென்ட்டுக்கு வெறும் ஃபேன் போதாது, சூட்டுக் காத்தைத்தான் சுத்தும்.

கோயமுத்தூர்ல இருந்து ஊட்டி, கூடலூர் வழியாப் போறவங்க நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கணும், 2024 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கு. பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணிக்கு மூடினா காலையில 6 மணிக்குத்தான் திறக்கும். சாயங்கால சஃபாரியை முடிச்சுட்டு அன்னைக்கே வீடு திரும்பற திட்டம் சரிப்படாது.

கருஞ்சோலை, வால்பாறை

மாயாறு அண்ணா, கபினிக்கு நீங்க சொல்றது அத்தனையும் சரிங்க. ஆனா அதை அப்படியே ஆனைமலைக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. இங்க அவ்வளவு வறட்சி வராது. பிப்ரவரி, மார்ச்ல தேக்கு இலை உதிர்ந்து டாப்ஸ்லிப் பக்கம் கொஞ்சம் தொலைவு கண்ணுக்குத் தெரியும், அது ஒண்ணுதான் லாபம். ஆனா அதே நேரம் தீக்காலம். வனத்துறை எந்த நாள்ல வேணும்னாலும் நடைபாதையை மூடும். மூடறதும் நியாயம்தான். காஞ்ச தேக்கிலை மேல ஒரு பீடித் துண்டு விழுந்தாப் போதும்.

இங்க ஏப்ரல், மே கோடை மழைக்கு அப்புறம் ராத்திரிதான் பார்க்க வேண்டிய நேரம். மின்மினி. ஆனைமலை புலிகள் காப்பகத்துல ஒரே நேரத்துல மின்னி ஒரே நேரத்துல அணையற வகை இருக்கு. ஒரு மரத்துல ஆரம்பிக்கும், பக்கத்து மரம் வாங்கிக்கும், அப்படியே பள்ளத்தாக்கு முழுக்க ஓடும். நடுவுல ரெண்டு மூணு வினாடி கும்மிருட்டு. அந்த இருட்டுலதான் மேல எல்லாம் புல்லரிக்கும். ஒரே ஒரு செல்போன் லைட் அடிச்சா அந்தப் பக்கத்து மரமெல்லாம் தாளம் தப்பிடும், திரும்பச் சேர நேரம் ஆகும். அதனால வெளிய டியூப்லைட் போட்டு வெச்சிருக்கற கேம்ப்பை எடுக்காதீங்க. அந்த வெளிச்சத்துல ஆண் பூச்சியோட மின்னலைப் பெண் பூச்சியால கண்டுபிடிக்க முடியாது. நமக்குக் காட்சி போறது கிடக்கட்டும், அதுகளோட இனப்பெருக்கமே கெடுது.

இன்னொண்ணு, இருவாச்சிப் பறவை. ஜனவரியில இருந்து மே வரைக்கும் பெட்டை மரப்பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கும், ஆண் அத்திப்பழம் கொண்டாந்து பொந்து வாசல்ல ஊட்டும். கூடு இருக்கற மரத்துக்குக் கிட்டப் போகாதீங்க. ஆள் நிற்கறதைப் பார்த்தா ஆண் பறவை பழத்தோட அடுத்த மரத்துலயே உட்கார்ந்திருக்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. சிங்கவால் குரங்குக்கு மாசமே கிடையாது. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் வருசம் பூராவும் இருக்கு. சோறு போடாம இருந்தாப் போதும்.

பனியன் ஊரு, திருப்பூர்

கென்யா பத்தியும் எழுதலாம்தானே? மாரா ஆத்தங்கரை, ஆகஸ்ட். விலங்குக் கூட்டம் ஆத்தைத் தாண்டற இடம். மேட்டுல ஆயிரக்கணக்குல வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற மான் இனம்), புழுதியில சூரியன் சிவப்பாத் தெரியுது. ஒண்ணு மட்டும் இறங்கி முன்னங்காலைத் தண்ணியில வெச்சுது. பின்னாடி அத்தனையும் நின்னுடுச்சு. அப்ப ஒரு வரிக்குதிரை குரல் கொடுத்துத் திரும்பவும், மொத்தக் கூட்டமும் மேடேறி வந்த வழியே போயிடுச்சு. தண்ணியில முதலை அசையவே இல்லை. எதிர்க்கரையில வேன்கள் நெருக்கிக்கிட்டு நின்னதால ஏறுற பாதை அடைபட்டு இருந்துச்சுன்னு டிரைவர் சொன்னாரு. அந்த ஒத்தைக் கால் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

“ஜூலை–அக்டோபர் கிராசிங் உறுதி”ன்னு எழுதியிருந்தா நம்பாதீங்க. மந்தை மழையைப் பார்த்து நகருது, காலண்டரைப் பார்த்து இல்லை. ஜூலை கடைசியில இருந்து அக்டோபர் வரைக்கும் மாரா ஆத்துப் பக்கம் இருக்கறதுக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஆத்தோரமா அஞ்சு ராத்திரி இருந்தாத் தேவலை, ரெண்டு ராத்திரிங்கறது வெறும் அதிர்ஷ்டம். 2024-ல இருந்து மாசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜூலை–டிசம்பர்ல 200 டாலர், ஜனவரி–ஜூன்ல 100 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைக்கும்தான். ரிசர்வுக்கு வெளிய டென்ட் எடுத்தா, கேட்டுல நிற்கற நேரமும் அந்த 12 மணி நேரத்துலதான் கழியும்.

கூட்டம் வேண்டாங்கறவங்க பிப்ரவரியில தான்சானியா, நுடுட்டு போங்க. ங்கோரோங்கோரோ மேட்டு எரிமலைச் சாம்பல் படிஞ்ச மண்ணு, புல்லு குட்டையா இருக்கும், கன்னு ஈனற தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதுல இருக்கு. சில வாரத்துக்குள்ள லட்சக்கணக்குல கன்னு விழும். புல்லு குட்டைங்கறதால சிவிங்கிப்புலி வேட்டையாடறது முழுசாத் தெரியும். நுடுட்டுல பாதையை விட்டு வண்டி இறங்கலாம், செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள்ள இறங்கக் கூடாது. ஏப்ரல், மே பெருமழை. கரிசல் மண்ணுல வண்டி அச்சு வரைக்கும் இறங்கிடும், நிறைய டென்ட் கேம்ப்பை அப்ப மூடிடுவாங்க.

கீழ்பவானி, ஈரோடு

மாராவுல சாப்பாட்டு டென்ட்டுக்கும் தூங்கற டென்ட்டுக்கும் நடுவுல நீர்யானை. இருட்டுல உருவம் தெரியலை, புல்லைப் பிடுங்கற சத்தம் மட்டும், துணி கிழியற மாதிரி. கூட வந்த காவலாளி கையை நீட்டி எல்லாரையும் நிறுத்திட்டாரு. அதுக்கும் ஆத்துக்கும் குறுக்க யாரும் போகக் கூடாதுன்னாரு. தண்ணிக்குப் போற வழி அடைபட்டுச்சுன்னா நீர்யானை ஓடாது, பாயும். அது தானாப் போற வரைக்கும் அங்கயே நின்னாங்க.

யாரும் கேட்கலைன்னாலும் டென்ட் தேர்ந்தெடுக்கறதைச் சொல்லிடறேனுங்க, நெம்பப் பேரு விலையை மட்டும் பார்க்கறாங்க. முதல்ல தரை. டென்ட் சுவரோட சேர்த்துத் தைச்ச தரையா இருக்கணும், விளிம்பு நாலு விரக்கடையாவது மேல ஏறியிருக்கணும். தனியா விரிச்ச தார்ப்பாய்னா தேளும் பாம்பும் ஓரத்துல நுழையும். அடுத்தது ஜிப். கொசுவலைக்கு ஒண்ணு, கான்வாஸுக்கு ஒண்ணு, ரெண்டும் அடிமட்டம் வரைக்கும் வந்து சேரணும். மூலையில ரெண்டு ஜிப்பும் சேர்ற இடத்துல விரல் நுழையற ஓட்டை இருந்தா மாத்தித் தரச் சொல்லுங்க. கழிவறை டென்ட்டுக்குள்ளயே இருக்கணும். ராத்திரி வெளிய நடக்கறதுதான் பெரிய ஆபத்து, உள்ளே படுத்திருக்கறவங்களைக் காட்டு மிருகம் சாதாரணமாச் சீண்டாது. ஆழியாத்தங்கரை சொன்ன மாதிரி தின்பண்டம் உள்ளே வேண்டாம், வாசனை சோப்பு, பேஸ்ட்டைக் கூடப் பொட்டியில போட்டு மூடிடுங்க. டென்ட் வாசல்ல விசில் தொங்குதா, கூப்பிட்டா ஆள் எத்தனை நிமிஷத்துல வருவாங்கன்னு மொத நாளே கேட்டுக்குங்க.

குளியல் நிறைய இடத்துல வாளிதான், 20 லிட்டர் வெந்நீரை மேல கட்டித் தொங்கவிடுவாங்க. நனைச்சுட்டு மூடுங்க, சோப்புப் போட்டுட்டுத் திறங்க, ஒருத்தருக்குத் தாராளம். கரண்ட் சோலார்ல ஓடும். ஹேர் டிரையர், அயர்ன்பாக்ஸ் போட்டா இன்வெர்ட்டர் விழுந்துடும். தூங்கறப்ப மூச்சு மெஷின் வெக்கறவங்க பேட்டரி ஓடுமான்னு முன்னாடியே எழுதிக் கேட்கணும்.

நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து சின்ன விமானத்துல போனா 15 கிலோதான், கேமராவும் அதுலயே அடங்கும். சக்கரம் வெச்ச கெட்டிப் பெட்டி ஏத்த மாட்டாங்க, துணிப் பை வேணும். கருநீலம், கருப்புச் சட்டை வேண்டாம், செட்சி ஈ அந்த நிறத்துக்குத்தான் வரும், கெட்டித் துணியா இருந்தாலும் ஊடுருவிக் கடிக்கும். பாலிதீன் கவர் கென்யாவுல 2017-ல இருந்து தடை, பொட்டலத்தை எல்லாம் துணிப்பைக்கு மாத்திடுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். ஊசி போட்டதுக்குக் கொடுக்கற மஞ்சள் அட்டை இல்லாம கென்யாவுல இருந்து திரும்பினா இங்க ஏர்போர்ட்ல பிடிச்சுத் தனிமைப்படுத்துவாங்க. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. 60 வயசு தாண்டினவங்க, முட்டை ஒவ்வாமை இருக்கறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. மலேரியா மாத்திரையும் டாக்டர் சொல்றதுதான். ஊருக்கு வந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் விடாம முழுங்கணும். வீடு வந்து சேர்ந்தாச்சுன்னு நிறுத்தினா அப்புறமும் காய்ச்சல் வரலாம்.

தாளவாடிமலை

சத்தியமங்கலம்–மைசூர் ரோட்டுல காரப்பள்ளம் செக்போஸ்ட்ல கரும்பு லாரியை யானை மறிக்கறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பார்க்காதது ஒண்ணு: குட்டி ஒண்ணு ரோட்டுல சிதறின சக்கையைப் பொறுக்கிட்டு இருக்க, தாய் அதுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவுல குறுக்க நின்னு, வெளிச்சத்தை உடம்பால மறைச்சுது. லாரி ஹாரன் அடிச்சும் நகரலை.

அதனால காட்டோர டென்ட் ஆசையோட வர்றவங்க கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். சட்டப்படி அனுமதி இருக்கற இடமான்னு பாருங்க. நீலகிரி சீகூர் யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன உத்தரவை 2020 அக்டோபர்ல உச்சநீதிமன்றமே உறுதி செஞ்சுது. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில டென்ட்ல தங்கின பெண்ணை யானை கொன்னுது. உரிமம் இல்லாத டென்ட்டுகளை அதுக்கு அப்புறம்தான் மூடினாங்க. கீழ்பவானி அண்ணன் சொன்ன ஜிப்பும் தரையும் சரியா இருந்தாலும், இடம் தப்புன்னா ஒண்ணும் காப்பாத்தாதுங்க. திம்பம் ரோட்டுலயும் ராத்திரித் தடை இருக்கு, பண்ணாரியில இருட்டறதுக்கு முன்னாடியே ஏறிடுங்க.

ஆழியாத்தங்கரை, பொள்ளாச்சி

அனுமதியோட டென்ட் வேணும்னா நமக்குக் கிட்டத்துல பரம்பிக்குளம் இருக்கு. ஆனப்பாடியில கேரள வனத்துறையே டென்ட் போட்டுத் தருது. இடம் பாலக்காடு மாவட்டம், ஆனா ரோடு நம்ம சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான். அதனால ரெண்டு மாநிலத்துக்கும் நுழைவுக் கட்டணம் தனித்தனியாக் கட்டணும், சில்லறையாப் பணம் வெச்சுக்குங்க. பொள்ளாச்சியில இருந்து டாப்ஸ்லிப் 35 கிலோமீட்டர் பக்கம், ஆனா சேத்துமடை செக்போஸ்ட் சாயங்காலம் மூடினா உள்ளே விடமாட்டாங்க. மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க. காட்டுக்குள்ள துறையோட வண்டிதான், தூணக்கடவு, கன்னிமாரா தேக்கு, அணை எல்லாம் காட்டுவாங்க.

மாசம் கேட்டா டிசம்பர் பாதியில இருந்து ஜனவரி கடைசி வரைக்கும். மழை விட்டிருக்கும், தீக்காலம் ஆரம்பிச்சிருக்காது, காட்டெருமையும் புள்ளிமானும் டென்ட்டுக்கு முன்னாடி புல்வெளியிலயே மேயும். ராத்திரி நல்லாக் குளிரும், கம்பளி வேணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அட்டைப்பூச்சி, உப்பும் அட்டை சாக்ஸும் இல்லாம இறங்காதீங்க. மாயாறு தம்பிக்கு யானைதான் முக்கியம்னா கபினிக்கே போகட்டும். கருஞ்சோலை, அந்த மின்மினி எந்தப் பக்கம்னு இங்க எழுதிடாதீங்க, அடுத்த வாரமே ஜெனரேட்டரோட டென்ட் வந்துடும்.