"வித் லாங் ஹேர்" எந்த வகை ஃப்ரேஸ்?

கேள்வி:
மகள் எட்டாம் வகுப்பு. "த கேர்ள் வித் லாங் ஹேர் இஸ் மை சிஸ்டர்" என்று கொடுத்து, "வித் லாங் ஹேர்" என்ன ஃப்ரேஸ் என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். பிரிபோசிஷனல் என்று எழுதினாள். அட்ஜெக்டிவ் ஃப்ரேஸ் என்று சிவப்பு மையில் திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் வழிகாட்டியில் அவள் எழுதிய விடைதான் இருக்கிறது. எது சரி?

பதில் 1:
இரண்டுமே சரிதான் அக்கா. "வித்" என்ற பிரிபோசிஷனில் தொடங்குவதால் அமைப்பை வைத்து ஒரு பெயர், "கேர்ள்" என்ற பெயர்ச்சொல்லை விளக்குவதால் செய்யும் வேலையை வைத்து இன்னொரு பெயர். எதை வைத்துச் சொல்ல வேண்டும் என்று கேள்வித்தாளில் இல்லையென்றால் தயங்காமல் மதிப்பெண்ணைக் கேளுங்கள். வேலையைக் கண்டுபிடிக்க, கேள்வி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பெண்? நீண்ட கூந்தல் உள்ள பெண். ஆக அட்ஜெக்டிவ். "ஷி ஸ்போக் வித் கிரேட் கேர்" என்பதிலும் அதே "வித்"தான், ஆனால் எப்படிப் பேசினாள் என்பதற்கு அது பதில், அதனால் அட்வர்ப் ஃப்ரேஸ். யார், எது, எதை என்பவற்றுக்குப் பதிலாக வந்தால் நவுன் ஃப்ரேஸ்.

பதில் 2:
நான் டியூஷனில் தமிழ் இலக்கணத்தை வைத்தே இதைச் சொல்லித் தருகிறேன், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். "ரன்னிங் இன் த ரெயின் இஸ் ஃபன்" என்றால் மழையில் ஓடுதல், தொழிற்பெயர், அது ஜெரண்ட் ஃப்ரேஸ். "த பாய் ரன்னிங் இன் த ரெயின்" என்றால் மழையில் ஓடும் பையன், பெயரெச்சம், அது பார்ட்டிசிபிள் ஃப்ரேஸ். ஆங்கிலத்தில் ஒரே உருவம், தமிழில் சொன்னதும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறது.

பதில் 3:
அருமையான வழி, ஆனால் "டு" வரும் இடத்தில் இது கைகொடுக்காது சார். "ஐ வான்ட் டு ஸ்விம்", "ஐ கேம் டு ஸ்விம்", "எ பிளேஸ் டு ஸ்விம்" மூன்றுக்கும் தமிழில் "நீந்த" என்றே வரும். நீந்த ஆசை, நீந்த வந்தேன், நீந்த ஓர் இடம். அங்கே முதலில் சொன்ன கேள்விகள்தான் வழி: எதை விரும்புகிறேன், எதற்காக வந்தேன், எப்படிப்பட்ட இடம். வரிசையாக நவுன், அட்வர்ப், அட்ஜெக்டிவ்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. அந்த மூன்று "டு ஸ்விம்" வாக்கியங்களையும் இப்போதே மகளிடம் கேட்டேன். முதல் இரண்டையும் சரியாகச் சொன்னாள், மூன்றாவதை அட்வர்ப் என்றாள். "எப்படிப்பட்ட இடம்?" என்று கேட்டதும் தானே திருத்திக்கொண்டாள். நாளை விடைத்தாளோடு ஆசிரியரைப் போய்ப் பார்க்கிறோம்.