டேங்க் மூடியைத் திறந்தால் வண்டி ஓடுகிறது, மூடினால் நிற்கிறது: மூடியில் துளை போடலாமா?

வைகைக்கரை கேட்டது:

2011 மாடல் 150 சிசி கார்புரேட்டர் வண்டி. டேங்க் 14 லிட்டர். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி, ரிசர்வுக்கு வந்த மாதிரி இழுத்து, நின்றுவிடுகிறது. டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று சத்தம். அரை நிமிடம் பொறுத்து உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. மூடியைப் பூட்டாமல் சும்மா வைத்து ஓட்டினால் பிரச்சினையே இல்லை.

கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது, ப்ளக் புதுசு, பெட்ரோல் ட்யூபும் மாற்றியாகிவிட்டது. இரண்டு விஷயம் புரியவில்லை. ஃபுல் டேங்க் போட்டால் சீக்கிரம் நிற்கிறது, பாதிக்குக் கீழே போனால் கூடுதல் தூரம் ஓடுகிறது. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அடுத்தது, ஃபுல் டேங்கோடு சைடு ஸ்டாண்டில் வெயிலில் நிறுத்தினால் மூடி ஓரத்தில் பெட்ரோல் கசிகிறது. காற்றே போகாத மூடியில் பெட்ரோல் மட்டும் எப்படி வெளியே வருகிறது?

மூடியில் ஒரு துளை போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். போடலாமா?

---

ஸ்பேனர் 10-11 பதில்:

மூடியின் மூச்சுத்துளை, அதாவது டேங்குக்குள் காற்று போகும் துளை, அடைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அதற்கே பொருந்துகின்றன. ஆனாலும் மூடியில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சூடானதும் ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலோ சிடிஐயோ மக்கர் செய்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். கால் மணி நேரம் ஆறினால் மூடியைத் தொடாமலே ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் பழி மூடி மேல் விழும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்தவெளியில், கார்புரேட்டரில் இருந்து பெட்ரோல் ட்யூபைக் கழற்றி ஒரு கேனில் விடுங்கள். மூடியைப் பூட்டி, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை (பெட்ரோல் காக்) ஆன் செய்யுங்கள். முதலில் சீராகக் கொட்டி, போகப் போக நூலாகி, சொட்டாகி, நின்றுவிட்டால் மூடியைத் திறங்கள். உடனே பழைய வேகத்தில் கொட்டினால் குற்றவாளி மூடிதான். திறந்த பிறகும் நூலாகவே வந்தால் டேங்க் காக்கின் வடிகட்டியில் துரு. சில வண்டிகளில் எஞ்சின் இழுப்பில் திறக்கும் வாக்குவம் காக் இருக்கும். அதில் எஞ்சின் ஓடாமல் பெட்ரோல் வராது. அந்தச் சிறு ட்யூபை ஒரு சிரிஞ்சால் இழுத்துப் பிடித்துச் சோதிக்க வேண்டும்.

இப்போது ஃபுல் டேங்க் புதிர். கார்புரேட்டர் வண்டியில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. டேங்கில் உள்ள பெட்ரோலின் மேல்மட்டத்துக்கும் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்கும் நடுவே 30 செ.மீ. உயரம் என்று வைத்தால், அது கொடுக்கும் அழுத்தம் 2 கிலோபாஸ்கல் சுமார். வெளிக்காற்றின் அழுத்தத்தில் இது வெறும் 2 சதவீதம். அதாவது டேங்குக்குள் அழுத்தம் 2 சதவீதம் குறைந்தாலே பெட்ரோல் இறங்காது.

ஃபுல் டேங்கில் மேலே உள்ள காலி இடம் 1 லிட்டர் என்றால், அதில் 2 சதவீதம் 20 மில்லி. பெட்ரோல் ஆவி கொஞ்சம் நிரப்பிக்கொடுக்கும் என்பதால் 40 மில்லி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டியில் அது 2 கி.மீ. கூடக் கிடையாது. பாதி டேங்கில் மேலே 7 லிட்டர் இடம் இருப்பதால் அதே 2 சதவீதத்துக்கு ஏழு மடங்கு பெட்ரோல் இறங்கியாக வேண்டும். பெட்ரோல் மட்டம் தாழ்ந்து அழுத்தம் குறைவதால் இந்த ஏழு மடங்கு கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். கிண்ணத்தில் உள்ள பெட்ரோலில் இன்னும் ஒன்றிரண்டு கி.மீ. போகும். துளை முழுதாக அடைக்காமல் அரைகுறையாக அடைத்திருந்தால் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, பைபாஸில் முறுக்கினால் நிற்கும்.

மழையில் இது இன்னும் மோசமாகும். டேங்க் குளிர்ந்து உள்ளே ஆவி சுருங்கும், துளை மேல் தண்ணீரும் நிற்கும்.

---

தோழர்_டிங்கர் பதில்:

இவ்வளவு கணக்கு எதற்கு? 2 மி.மீ. பிட் போட்டு மூடி நடுவில் ஒரு ஓட்டை. ஐந்து நிமிஷ வேலை. பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது.

---

மூடிவைத்தியர் பதில்:

டிங்கர் சொல்வது போல ஓடும், சந்தேகமில்லை. வண்டி சாயும் வரைதான்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இந்த வண்டி நிமிடத்துக்கு 22 மில்லி பெட்ரோல்தான் குடிக்கும். அவ்வளவு காற்று உள்ளே வந்தால் போதும். ஊசி முனை வழியே போதும் என்றிருக்க 2 மி.மீ. எதற்கு? வண்டி கீழே விழுந்து அந்தத் துளைக்கு மேல் 10 செ.மீ. பெட்ரோல் நின்றால், உள்ளே காற்று வர வேறு வழியும் இருந்தால், நிமிடத்துக்கு நூறு மில்லிக்கு மேல் கொட்டும். கொட்டுகிற இடம் சூடான சைலன்சர். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, எஞ்சின் பக்கம் வழிந்து இறங்கும். காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கீழே விழாவிட்டாலும், ஃபுல் டேங்கில் பிரேக் அடிக்கும்போதெல்லாம் அலம்பித் தெறிக்கும், மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

மூடிக்கு மூன்று வேலை. காற்றை லேசாக உள்ளே விட வேண்டும். உள்ளே ஆவி அழுத்தம் ஏறினால் கொஞ்சம் தாங்கி, பிறகு மெல்ல வெளியே விட வேண்டும். பெட்ரோலை மட்டும் எந்தக் கோணத்திலும் விடக் கூடாது. அதனால்தான் உள்ளே பாதை நேராக இருக்காது. வளைந்து வளைந்து போகும். தெறிக்கும் துளிகள் பக்கவாட்டில் மோதித் திரும்ப டேங்குக்குள் சொட்டும். பல மூடிகளில் ஒரு சின்ன ஸ்டீல் குண்டு உண்டு. வண்டி சாய்ந்தால் அது உருண்டு போய் வழியை அடைக்கும். நேராகத் துளை போட்டால் இந்த மூன்றாவது வேலை ஒழிந்தது.

சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலைகூட இல்லை:

1. டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். சென்டர் ஸ்டாண்டு, எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. சாவியும் செல்போனும் சட்டைப் பையில் இருக்க வேண்டாம், குனிந்தால் டேங்குக்குள்தான் விழும்.

2. மூடி வளையத்தில் உள்ள எல் கீ போல்ட்டுகளைக் கழற்றுங்கள். அழகுக்கு வைத்த போலி போல்ட்டும் ஒன்றிரண்டு இருக்கும், திருகினால் சும்மா சுற்றும், விட்டுவிடுங்கள். கடைசி போல்ட்டை மூடியைத் திறந்தால்தான் எடுக்க முடியும். கழற்றியதும் டேங்க் வாயில் சுத்தமான துணியைக் கட்டுங்கள்.

3. மூடியின் அடியில் இரண்டோ மூன்றோ ஸ்டார் ஸ்க்ரூ. அவற்றை ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டே கழற்றுங்கள். உள்ளே ஸ்ப்ரிங்கும் குண்டும் துள்ளி ஓடினால் தனியாக வாங்கக் கிடைக்காது. எது எதன் மேல் இருந்தது என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

4. உலோகப் பாகங்களை மட்டும் கார்ப் கிளீனரில் கழுவுங்கள். ரப்பரில் அது பட்டால் உப்பும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காய வைத்தால் போதும். துளையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மீன்பிடி நைலான் நரம்பால் குத்துங்கள். கம்பி, ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும்.

5. வால்வு பக்கம் கிரீஸ், எண்ணெய் எதுவும் போடாதீர்கள். பெரும்பாலான அடைப்புக்குக் காரணமே பூட்டுக்கு விட்ட எண்ணெயும் பாலிஷும் தூசியோடு சேர்ந்து பிடித்த களிம்புதான். பூட்டு இறுக்கமாக இருந்தால் கிராஃபைட் தூள். பென்சில் முனையைச் சுரண்டிப் போட்டாலும் சரி.

6. பாகங்களை மாட்டிய பிறகு மூடியில் நேரடியாக வாய் வைக்காமல், துளை மேல் ஒரு ட்யூபை வைத்து ஊதுங்கள். மேலிருந்து உள்ளே சிரமமில்லாமல் போக வேண்டும். உள்ளிருந்து வெளியே கொஞ்சம் எதிர்ப்போடு போக வேண்டும். குண்டு வைத்த மூடியைக் கவிழ்த்தால் வெளிப்பக்கம் அடைபட வேண்டும். இதில் ஏதாவது தப்பினால் மூடியை மாற்றுங்கள்.

மாற்றும்போது உங்கள் மாடலுக்கான மூடிதானா என்று பாருங்கள். புது பிஎஸ்6 (புகை, ஆவி மாசுக்கான விதி) வண்டிகளின் மூடி சிலவற்றில் மூச்சுத்துளையே இருக்காது, அந்த வேலையை வேறு குழாய் பார்க்கும். சாவி பொருந்துகிறதே என்று அதைப் போட்டால் பழையபடி வண்டி நிற்கும். கடைகளில் கிடைக்கும் சில டூப்ளிகேட் மூடிகளிலும் துளை பெயருக்கு மட்டும் இருக்கும், உள்ளே வழி இருக்காது. கடையிலேயே ஊதிப் பாருங்கள்.

---

கேனிஸ்டர்காரன் பதில்:

கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்த இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் இதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் 3 பார் அளவில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல மூன்று மடங்கில், தள்ளுகிறது. டேங்கில் லேசான வெற்றிடம் விழுந்ததற்காக அது நிற்காது. அதனால் அடைப்பு தெரியாமலே வளரும். அடையாளம் வேறு: மூடி திறக்கும்போது நீளமான இழுப்புச் சத்தம், பம்ப் வழக்கத்துக்கு மாறாகக் கீச்சிடுவது, பிளாஸ்டிக் டேங்க் என்றால் பக்கவாட்டில் உள்வாங்குவது. 5 கிலோபாஸ்கல் வெற்றிடம் ஒரு சதுர அடிப் பரப்பில் 45 கிலோவுக்கு மேல் அமுக்கும், பிளாஸ்டிக் என்ன செய்யும்?

இந்த வண்டிகளில் ஆவி, டேங்கில் இருந்து ஒரு குழாய் வழியே கரி நிரப்பிய கேனிஸ்டருக்குப் போகிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிப்படி, மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது இருசக்கர வண்டியில் இருந்து வெளியேறும் ஆவி 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. மூடியில் துளை போட்டால் அந்த ஏற்பாடு அத்தனையும் வீண்.

இங்கே கேனிஸ்டரைக் கெடுப்பது பெரும்பாலும் பங்க்கில் "ரவுண்டா போடுங்கண்ணே" என்று கழுத்து வரை நிரப்புவது. திரவப் பெட்ரோல் கரிக்குள் போனால் அது ஆவியைப் பிடிக்கும் திறனை இழக்கும். பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக அடம், வண்டியைச் சுற்றி வாடை என்று ஆரம்பிக்கும். டேங்கைக் கழற்றி மாட்டிய பிறகு வாடை வந்தால் முதலில் டேங்குக்கு அடியில் குழாய் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. டேங்கின் அடியில் இரண்டு குழாய் இறங்கும் வண்டிகளில் ஒன்று ஆவிக்கு, மற்றது மூடியைச் சுற்றி விழும் மழைத்தண்ணீர் வடிவதற்கு. இரண்டையும் மாற்றிச் செருகுவது சர்வீஸில் அடிக்கடி நடக்கிறது. வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் மூடி விளிம்பில் தேங்கி, மூடி திறக்கும்போது டேங்குக்குள் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது கரைந்து, ஒரு அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மூடியைச் சுற்றியுள்ள குழிக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினால் கீழே வடிகிறதா என்பது பத்து விநாடிச் சோதனை, மூடி பூட்டியிருக்கட்டும்.

---

நெய்தல்நிலம் பதில்:

கொஞ்சம் விலகிப் போகிறேன். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் தனி டேங்கில் மூடி மேலேயே ஒரு காற்றுத் திருகு இருக்கும். ஓட்டும்போது திறக்க வேண்டும், டேங்கைத் தூக்கிப்போகும்போது மூட வேண்டும். திறக்க மறந்தால் இதே கதைதான்: கொஞ்ச தூரம் போய் எஞ்சின் திணறும், பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு சப்பையாகிக் கிடக்கும். கடலில் கார்புரேட்டரைக் கழற்றும் முன் அந்தத் திருகைப் பாருங்கள்.

---

வைகைக்கரை:

மூடிவைத்தியர் சொன்னபடி கழற்றினேன். குண்டைச் சுற்றிக் கறுப்புக் களிம்பு. சுத்தம் செய்தபின் ஊதினால் சொன்னது போலவே போகிறது, கவிழ்த்தால் அடைக்கிறது. ஃபுல் டேங்கில் ஓட்டியும் நிற்கவில்லை. சைடு ஸ்டாண்டுக் கசிவு மட்டும் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

---

மூடிவைத்தியர் பதில்:

கசிவுக்கு வழி மூச்சுத்துளை இல்லை, மூடியின் அடி ரப்பர். அதனால்தான் காற்று போகாத மூடியிலும் பெட்ரோல் வந்தது. துளை அடைத்திருந்தபோது வெயிலில் ஏறிய அழுத்தம் போக இடமில்லாமல் ரப்பர் ஓரமாகத் தள்ளியது. இப்போது அழுத்தம் இறங்க வழி கிடைத்ததால் குறைந்திருக்கிறது.

டேங்க் வாயின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து மூடியைப் பூட்டித் திறங்கள். ரப்பரில் அறுபடாத வெள்ளை வட்டம் விழ வேண்டும். இடதுபுறம், அதாவது சைடு ஸ்டாண்டில் சாயும் பக்கம், அறுபட்டிருந்தால் அங்கேதான் கசிவு. ரப்பரில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். திருப்பிப் போட்டால் சில வாரம் தாங்கும், அவ்வளவே. சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம், பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து காக்கின் வடிகட்டியில் போய் உட்காரும்.

புது ரப்பர் போட்டாலும் நிரப்பும் அளவைக் கவனியுங்கள். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் இருந்து 30 டிகிரியில் வந்த 14 லிட்டர், சித்திரை வெயிலில் 50 டிகிரிக்குப் போனால் கால் லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்தக் கால் லிட்டருக்கான இடம்தான் டேங்க் வாய்க்குக் கீழே இறங்கும் கழுத்து. கழுத்தின் அடி விளிம்பைப் பெட்ரோல் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேலே நிரப்பிவிட்டால் முதலில் பன்னிரண்டு கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், நிழலில், சென்டர் ஸ்டாண்டில்.