வசனமே வேண்டாம் என்ற வாத்தியார் காமிக்ஸில் என்ன எழுதினார்?

திருநகர்க்காரன்:
சிவகாசி முத்து, லயன் காமிக்ஸ் படித்தே வளர்ந்தவன் நான். டெல் குளோஸ் என்று ஒரு அமெரிக்கர், எழுதி வைத்த வசனம் இல்லாமல் மேடையிலேயே யோசித்துச் சிரிக்க வைக்கச் சிகாகோவில் கற்றுக்கொடுத்த வாத்தியார், பில் முர்ரே, ஜான் பெலூஷி மாதிரி பெரிய சிரிப்பு நடிகர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். அதே ஆள் காமிக்ஸும் எழுதியிருக்கிறாராம். இதுதான் இடிக்கிறது. கட்டம் கட்டமாகத் திட்டம் போட்டு எழுத வேண்டிய வேலை ஆயிற்றே அது? யாராவது படித்திருக்கிறீர்களா, சிரிப்புக் கதைதானா?

பழையபேப்பர்:
சிரிப்பு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள் தம்பி. அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘வேஸ்ட்லேண்ட்’, 1987 முதல் 1989 வரை, மொத்தம் 18 இதழ். திகிலும் குரூரமான நகைச்சுவையும் கலந்தது. ஜான் ஆஸ்ட்ராண்டரோடு சேர்ந்து எழுதினார், அவரும் சிகாகோ நாடகக்காரர்தான். குளோஸ் தன் வாழ்க்கையில் நடந்ததாகச் சொல்லும் கதைகளில் அவரே பாத்திரமாக வருவார், அதில் எவ்வளவு நிஜம் எவ்வளவு கப்சா என்பது அவருக்கே வெளிச்சம். எனக்குப் பிடித்தவை அவைதான், மற்றவை சுமார்.

மேலூர்பபூன்:
இடிக்க என்ன இருக்கிறது? நம் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்ததில்லையா? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு எங்கிருந்தோ வருவார், சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே கிடையாது, ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். பபூன் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார் என்று நமக்குத் தோன்றும், ஆனால் எந்த இடத்தில் எதை எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். குளோஸ் வளர்த்தெடுத்த ‘ஹெரால்ட்’ முறையும் கணக்குதான். கூட்டத்திடம் ஒரு சொல் கேட்டு வாங்கி, அதிலிருந்து சம்பந்தமில்லாத மாதிரி சில காட்சிகள், அப்புறம் அவையே திரும்பத் திரும்ப வந்து கடைசியில் ஒன்றோடொன்று முடிச்சு விழும். வசனம்தான் கிடையாதே தவிர கட்டம் உண்டு.

பழையபேப்பர்:
கப்சா என்றேனே, இதையும் கேளுங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் கோமாளி யாரிக்கின் மண்டை ஓடாக நடிக்கத் தன் மண்டை ஓட்டையே சிகாகோ குட்மேன் தியேட்டருக்கு எழுதி வைத்துவிட்டு 1999இல் இறந்துபோனார். அவரோடு சேர்ந்து பள்ளி நடத்திய ஷார்னா ஹால்பெர்ன் விழா எடுத்து ஒரு மண்டை ஓட்டைக் கொடுத்தார். சில வருடம் கழித்துப் பார்த்தால் அது கடையில் வாங்கியதாம்!

திருநகர்க்காரன்:
அண்ணே, 18 இதழும் வேண்டும். விலைக்குத் தருவீர்களா, இல்லை உங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து படிக்கவா?