முற்றத்துக்கு வெயில் கொண்டுவர வேணும், உதவுங்கோ

கொக்குவிலில் எங்களுடையது நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு. மேற்கு வளவில் மூன்று மாடி எழும்பினதிலிருந்து பின்னேரம் 2 மணிக்கே முற்றம் நிழலாகிவிடுகிறது, அம்மம்மா லைட் போட்டுத்தான் அரிசி புடைக்கிறா.

நோர்வேயில் ரியூகான் என்ற ஊர் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது, குளிர்காலம் முழுக்க வெயிலே விழாத இடம். 2013இல் மலையில் 17 சதுர மீற்றர் கண்ணாடிகள் மூன்றை வைத்து, கணினியால் சூரியனுக்கேற்பத் திருப்பி, சந்தைச் சதுக்கத்துக்கு வெளிச்சம் இறக்கினார்கள். சரி, எங்கள் முற்றத்துக்கு ஒன்று போதாதா என்று அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் சாய்த்துப் பார்த்தேன் (அம்மாவிடம் வாங்கிய பேச்சு வேறு கதை). குசினி வாசலில் வெளிச்சம் அருமையாக விழுந்தது, ஆனால் கால் மணித்தியாலத்துக்குள் ஓரடிக்கு மேல் நகர்ந்துவிட்டது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது, கண்ணாடி அதில் ஏறக்குறைய பாதி திரும்பினால் போதும் என்பது வரைக்கும் விளங்குகிறது. எங்கள் ஊரில் உச்சிவெயில் வருடத்தில் கொஞ்சக்காலம் வடக்காலும் மிச்சக்காலம் தெற்காலும் சாய்வதால் இரண்டு மோட்டர் வேணும்போல.

ஆர்டுயினோவில் (மோட்டரை இயக்கக்கூடிய சின்னக் கணினிப் பலகை) இப்படி ஏதும் செய்தவர்கள் இருக்கிறீர்களா? மோட்டர் யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம்? சோளகக் காற்றுக்கு 3 அடிக் கண்ணாடி தாங்குமா, உப்புக் காற்றில் ரசம் போய்விடாதா? பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணில் அடித்துச் சண்டை வராமலிருக்கவும் ஒரு வழி சொல்லுங்கோ.