நான்கு பூனைகளில் ஒன்றுக்கு லுக்கேமியா வைரஸ்: பிரித்து வைக்க வேண்டுமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
எங்கள் சாம்பல் நிறப் பெண் பூனைக்கு லுக்கேமியா வைரஸ் (பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, ரத்தப் புற்றுநோயும் உண்டாக்கக்கூடிய கிருமி) இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிய வந்துள்ளது. மற்ற மூன்றும் அதனுடன் ஒரே தட்டில் மத்தி மீன் தின்று, ஒன்றையொன்று நக்கியே வளர்ந்தவை என்பதால், அதைத் தனியே வைக்க வேண்டுமா என அறிய விரும்புகிறேன்.

பதில் (லாஸ்பேட்டை):
முதலில் மற்ற மூன்றுக்கும் பரிசோதனை செய்யுங்கள். இவ்வைரஸ் பெரும்பாலும் எச்சில் வழியாகவே பரவுவதால், அந்தப் பொதுத் தட்டுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. அண்மையில் தொற்றியிருந்தால் உடனே தெரியாது என்பதால், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். தொற்றில்லாதவற்றுக்குத் தடுப்பூசி உண்டு; ஆனால் அது முழுப் பாதுகாப்பு அன்று. ஆகவே தனி அறையே நல்லது.

பதில் (கடலூர் முதுநகர்):
வீடு முழுவதையும் கழுவிக் களைத்துப்போக வேண்டாம். காய்ந்த இடத்தில் இவ்வைரஸ் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சோப்புத் தண்ணீரே போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனை என்பதால், துறைமுகத்தில் அன்று இறங்கிய மீனே ஆனாலும் முள் நீக்கி, வேகவைத்தே கொடுங்கள். கருத்தடையும், ஆறு மாதத்துக்கொரு மருத்துவப் பரிசோதனையும் அவசியம்.

கேட்டவர்:
நன்றி. குழந்தைகள் அதைத் தூக்கிக் கொஞ்சலாமா?

பதில் (லாஸ்பேட்டை):
தாராளமாக. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை.