ஊட்டி ரிசார்ட் அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு: பிளக் சூடாகிறது, கரண்ட் போகிறது

பாப்பா அம்மா:
நேற்று ஊட்டி வந்தோம். பத்து மாதக் குழந்தைக்குக் கஞ்சி, பருப்பு சாதம் தவிர எதுவும் இறங்காது என்பதால் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பையே (2000 வாட்ஸ்) தூக்கி வந்தேன். அதற்குப் பெரிய பின். அறையில் எல்லாம் சின்ன பாயிண்ட். கடையில் ஒரு கன்வர்ட்டர் வாங்கிச் சொருகினேன். பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அவர் குளிக்க கீசர் போட்டதும் அறையே இருட்டு. ரூம் பாய் வந்து எம்சிபியை (லோடு ஏறினால் தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) தூக்கிவிட்டார். கன்வர்ட்டரைத் தொட்டால் சுடுகிறது, லேசாகத் தீய்ந்த வாடை வேறு. இன்னும் மூன்று நாள் இருக்கிறோம். கீசர் போடாமல் சமைத்தால் சரியாகிவிடுமா?

வயர்மேன்:
ஆகாது. கன்வர்ட்டரை முதலில் குப்பையில் போடுங்கள். 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, அதாவது 1380 வாட்ஸ் வரைதான். கன்வர்ட்டர் பின்னின் அளவை மாற்றுமே தவிர, சுவருக்குள் இருக்கும் வயரைத் தடிமனாக்காது.

எம்சிபி விழுந்தது கீசரும் சேர்ந்து லோடு ஏறியதால். பிளக் சூடாவது வேறு கதை. பின் சரியாகப் பிடிக்காமல் அந்த ஒரு இடம் கொதிப்பது எம்சிபிக்குத் தெரியாது. கீசர் போடாவிட்டால் இருட்டாகாது, கருகுவது மட்டும் தொடரும்.

பாப்பா அம்மா:
500 வாட்ஸில் வைத்தால்?

வயர்மேன்:
பல அடுப்புகள் அந்த அளவில் தொடர்ந்து ஓடாது. அதிக வாட்ஸில் ஓடி, நின்று, மறுபடி ஓடும். நம்ப வேண்டாம்.

சமையற்கட்டு ஆள்:
ஹோட்டலில் எட்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன். அறையில் சமைப்பதைப் பல இடங்களில் விடமாட்டார்கள். ஒளித்துச் செய்வதைவிட கிச்சனில் கேளுங்கள். குழந்தைக்கு என்றால் மறுக்கிற மாஸ்டரை நான் பார்த்ததில்லை. முந்தின இரவே சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்குள் வாங்கிவிடுங்கள். எட்டுக்கு மேல் டிபன் கூட்டம், உங்கள் பேச்சு யார் காதிலும் விழாது. உப்பு, காரம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள்.

இரட்டைப் பேரன் பாட்டி:
கண்ணு, அறையில் கெட்டில் இருக்குமே? அதில் பாலோ கஞ்சியோ வைக்காதே, பொங்கி அடிப்பிடிக்கும். வெந்நீர் மட்டும் போடு. நல்ல ஸ்டீல் பிளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிடு. அப்புறம் வறுத்த அரிசி நொய் இரண்டு ஸ்பூன், புதுக் கொதிநீர், இறுக்க மூடி. இரண்டு மணி நேரத்தில் கஞ்சி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் நொய்யை அரை மணி ஊறவை. பருப்பு இதில் வேகாது, அதைக் கிச்சனில் கேள்.

பாப்பா அம்மா:
மாஸ்டர் அண்ணா பருப்பு சாதம் குழைத்துத் தந்தார், ராகி மாவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். பிளாஸ்க்கை முதல் தடவை சூடுபடுத்த மறந்தேன், நொய் நறுக்கென்று இருந்தது. இரண்டாவது தடவை பாப்பா முழுக்கக் குடித்தாள். ரிசப்ஷனில் உண்மையைச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனால் ஆள் அனுப்பிப் பாயிண்டை மாற்றிவிட்டார்கள்.

வயர்மேன்:
உள்ளே வயர் கருகியிருந்ததா?

பாப்பா அம்மா:
ஒரு விரல் நீளத்துக்கு. வெட்டி எறிந்துவிட்டுத்தான் புதிதை மாட்டினார்.